பூனையிடம் சொன்னது

அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. இப்படிச் சொன்னால் என் மேலதிகாரி மார்டினுக்குப் பிடிக்காது. மொழி மதிப்பீட்டாளர் என்று சொல்ல வேண்டுமாம். நான் பிறந்த மன்னார்குடியில் இந்த வேலையைப் பலர் இலவசமாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த நாட்டில் கல்யாணத்தின் மூலம் நிரந்தர வசிப்புரிமை, அதாவது நம்மவர்கள் சொல்லும் பி.ஆர்., வாங்கியவர்கள் எல்லோர் சமையலறையிலும் ஒரு மானி இருக்கும். உப்பு டப்பா அளவுதான். கணவனும் மனைவியும் பேசுவதைக் கேட்டு, அதில் தாம்பத்தியம் எவ்வளவு என்று நூற்றுக்கு ஒரு எண் போடும். பொய்க் கல்யாணம் செய்துகொண்டு குடியேறுகிறவர்களைப் பிடிப்பதற்காக வந்த கருவி. அதற்கு முன்னால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து குளியலறையில் எத்தனை டூத் பிரஷ் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அதற்கு இது எவ்வளவோ கௌரவம் என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எண் நாற்பதுக்குக் கீழே இறங்கி, தொண்ணூறு நாள் அங்கேயே கிடந்தால் பி.ஆர். பறிபோகும். வெளிநாட்டில் போய்த் தங்கியிருப்பவர்களுக்கும் அதே சட்டம். அவர்களுடைய வீடியோ அழைப்புகள் மானி வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பி.ஆரைப் பறிப்பதற்கு முன் மானி தப்பாகக் கேட்டுவிட்டதா என்று ஒரு மனிதக் காது சரிபார்க்க வேண்டும். தமிழ் வீடுகளுக்கு அந்தக் காது நான்.

எனக்கும் பி.ஆர்.தான். என் கணவர் தியாகேசன் இங்கே குடியுரிமை வாங்கி இருபது வருடம் ஆகிறது. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடும். எங்கள் வீட்டு எண் தொண்ணூற்றொன்று. அலுவலகத்தில் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள். மார்டினுக்கும் அவன் மனைவிக்கும் மானி வைத்தால் ஐம்பது தாண்டாது என்று அவனே சொல்வான்.

பிப்ரவரியில் பொன்ராஜின் கோப்பு வந்தது. வயது நாற்பத்தொன்று, படகு இன்ஜின் மெக்கானிக். மனைவி ரூபி இந்த நாட்டுக் குடிமகள், முதியோர் மருத்துவமனையில் நர்ஸ். குழந்தை இல்லை, ஒரு பூனை உண்டு. பொன்ராஜின் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட, பார்த்துக்கொள்வதற்காகத் தூத்துக்குடி போனவர் பதினோரு மாதமாக அங்கேயே இருக்கிறார். எண் ஆறு. ஆறு என்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பொய்க் கல்யாணக்காரர்கள்கூட மனப்பாடம் செய்தாவது முப்பது வாங்கிவிடுவார்கள்.

மானியின் குறிப்பு சுருக்கமாக இருந்தது. தொண்ணூற்றேழு நாட்களாகத் தினமும் அழைப்பு, சராசரி நாற்பது நிமிடம். கணவர் ஒரு முதியவருடன் பேசுகிறார். மனைவி வீட்டு விலங்குடன் பேசுகிறார். தம்பதியர் தங்களுக்குள் பேசிக்கொண்ட நேரம் பூஜ்யம். வசிப்புரிமையை ரத்து செய்யப் பரிந்துரை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவைத் திறந்தேன். இங்கே காலை ஏழு மணி, அங்கே பதினொன்றரை. ரூபி போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரையில் பொன்ராஜ் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இரண்டு காதும் கேட்காது என்பதற்கு மருத்துவச் சான்றிதழே கோப்பில் இருந்தது.

"டிப்பு," என்றாள் ரூபி, காலடியில் இருந்த பூனையைப் பார்த்து. "சிலபேரு தலவலி தலவலின்னு சொல்லிக்கிட்டே மாத்திரை போடாமச் சுத்துவாவ. நமக்கென்ன? போட்டா போடட்டும், போடாட்டா கெடக்கட்டும்."

பொன்ராஜ் அப்பா பக்கம் திரும்பினார். "யப்பா, மாத்திரையெல்லாம் நேத்தே வாங்கியாச்சு. காலைல ஒண்ணு போட்டும் ஆச்சு. பிரஷரு நூத்தி முப்பதுதான் இருக்கு."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நூத்தி முப்பதாம் டிப்பு. பெரிய சாதனைதான்," என்று ரூபி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டை மறந்து இருபது பதிவுகளைக் கேட்டேன். ஜனவரியில் ஒரு நாள் ரூபி பூனையிடம், பனியில் கார் கிளம்பவே மாட்டேன் என்கிறது, மூன்று நாளாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன் என்று புலம்பியிருந்தாள். பொன்ராஜ் அவருடைய அப்பாவிடம், "யப்பா, ஷெட்டுல ரெண்டாவது தட்டுல சார்ஜர் இருக்கு. செவப்பு வயரத்தான் மொதல்ல மாட்டணும், கையில கிளவுஸ் போட்டுக்கிடணும்," என்று சொல்லியிருந்தார். மறுநாள் பதிவில் ரூபி பூனைக்குச் செய்தி வாசித்தாள்: "டிப்பு, காரு ஓடுது."

மார்டினைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பகுதியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் நல்லவன். முப்பத்திரண்டு வயதுக்கு அவனிடம் பொறுமை அதிகம்.

"பூனையிடம் பேசுகிறார்," என்றான்.

"பூனைக்குக் கார் இருக்கிறதா மார்டின்? தூத்துக்குடியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரருக்கு இங்கே பனியில் சார்ஜர் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?"

"நேராகவே மனைவியிடம் சொல்லலாமே."

"கோபமாக இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் வருகிறேன் என்று போன ஆள் மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறார். மூன்றாவது முறை அதைப் பெண்டாட்டியிடம் சொல்லப் பயந்து மாமியாரிடம் முதலில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இதற்கு எங்கள் ஊரில் சாடையாகப் பேசுவது என்று பெயர். பேச மாட்டோம் என்று முடிவு செய்துவிட்டால் சுவரிடம் சொல்வோம், காலண்டரிடம் சொல்வோம், மாட்டிடம் சொல்வோம். கேட்க வேண்டியவர் காதில் விழுகிற மாதிரி சொல்வோம். வேண்டாதவரிடம் யாரும் இத்தனை சிரமப்பட்டுப் பேச மாட்டார்கள்."

மார்டின் தாடையைத் தடவினான். "மானிக்கு யார் யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறார் என்றுதான் பார்க்கத் தெரியும். சரி, விதிப்படி மனைவியை ஒருமுறை நேரில் பாருங்கள். அதற்குள் அவர்கள் இரண்டு வாக்கியம் நேராகப் பேசிவிட்டால் எல்லோருக்கும் நல்லது."

ரூபி மறுநாள் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள். கோட்டு முழுக்கப் பூனை முடி. நான் தமிழில் பேசியதும் முகம் கொஞ்சம் இளகியது. நிலைமையை விளக்கினேன். இன்னும் பத்து நாளில் முடிவெடுக்க வேண்டும், ரத்தானால் பொன்ராஜ் திரும்பி வருவதற்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், நான்கைந்து வருடம் இழுக்கும் என்றேன்.

"எனக்கும் அவுகளுக்கும் பேச்சே கெடையாது மேடம்," என்றாள்.

"அப்புறம் தினமும் ஏழு மணிக்குக் கால் போட்டு வைக்கிறீங்களே?"

"மாமாவ ஒரு பார்வை பாக்கணும்லா? பெரியவுக, முடியாம இருக்காவ." கொஞ்ச நேரம் கோட்டில் இருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "டிப்புவும் தேடும்."

"ரூபி, நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்குக் காலைல குட் மார்னிங்னு ஒரு வார்த்தை. சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை. பத்து நாள் சொன்னாப் போதும், எண் ஏறிடும். கோபத்த அப்புறம் வச்சுக்கலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை குறைந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

"பொய்யாப் பேசச் சொல்லுதீங்களாக்கா? எனக்குக் கோவம் தீரல. எங்கம்மாட்ட மொதல்ல சொல்லிட்டு, பொறவு எனக்குத் தெரியுது. நான் யாரு அவுகளுக்கு? அது தீராம நான் சிரிச்சுச் சிரிச்சுக் குட் மார்னிங் சொன்னா, அவுக நம்பிருவாவ. தீந்துபோச்சுன்னு நெனச்சுக்கிடுவாவ. பொறவு அந்தக் கோவத்த நான் எங்கக் கொண்டு வைக்க?"

"பி.ஆர். போயிடுமேம்மா."

அவள் கண் கலங்கியது. "போவக்கூடாதுக்கா. அவுக வரணும். வந்து இங்க நின்னு என்ட்ட ஏச்சு வாங்கணும்," என்று எழுந்து போய்விட்டாள்.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு என்னமோ செய்தது. அவள் கேட்டது என்னைத்தான் கேட்ட மாதிரி இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மானி வந்த புதிதில், எங்களுக்குள் ஒரு சண்டை. என் தங்கை கல்யாணத்துக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டிய நேரத்தில், புது ப்ராஜெக்ட் இருக்கிறது, வர முடியாது என்று தியாகேசன் அவராகவே என் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. என்னைத் தனியாகப் போகவும் விடவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன். அவர் பிரிட்ஜிடம் பேச ஆரம்பித்தார். "இந்த வீட்ல மோர் இருக்கான்னு யாரைக் கேக்கறது?" என்பார். நான் மிக்ஸியிடம், "கண்ணு இருக்கறவங்க தெறந்து பாத்துக்கலாம்," என்பேன். நாலாம் நாள், எண் நாற்பதை நெருங்கினால் எரியும் சிவப்பு விளக்கு மானியில் எரிந்தது. எண் நாற்பத்து மூன்று. அன்று சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து, இனிமேல் சண்டையே வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டோம். தங்கை கல்யாண விஷயத்தை இருவருமே எடுக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் குட் மார்னிங். நல்லா தூங்கினியா. காபி நல்லாருக்கு, தேங்க்ஸ். முதலில் கோபம் வந்தால் விழுங்கிக்கொண்டு சொன்னோம். பிறகு விழுங்குவதற்கே ஒன்றும் வரவில்லை. தொண்ணூற்றொன்று என்பது அப்படி வந்த எண். அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை, மரியாதையான மனிதர். அவரோடு ஒரே வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

மறுநாள், இது தாம்பத்தியப் பேச்சுதான் என்று எழுதி மார்டினிடம் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அது காலியாக இருந்தது.

"எதிர்மாதிரி வேண்டும்," என்றான். "பொன்ராஜின் எண் மாற வேண்டுமானால் மானிக்கு இந்தப் பேச்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை மட்டும் கற்றுக்கொடுத்தால், பூனை வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் மானி தொண்ணூறு போட்டுவிடும். மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதே மொழியில் இன்னொரு வீடு காட்டுங்கள். வார்த்தை எல்லாம் சரியாக இருக்கும், மானி நல்ல எண் கொடுத்திருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு வீடு. இரண்டையும் வைத்துத்தான் அது வித்தியாசம் கற்கும்."

"அந்த வீட்டுக்கு என்ன ஆகும்?"

"மற்ற வீடுகளின் எண் வருடப் புதுப்பிப்பின்போது மெதுவாகச் சரியாகும். எதிர்மாதிரி வீட்டுக்கு மட்டும் உடனே புது எண். நாற்பதுக்குக் கீழே போனால் தொண்ணூறு நாள் கெடு தொடங்கும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "கொடுக்க மனமில்லாவிட்டால் பொன்ராஜின் ரத்தில் கையெழுத்துப் போடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது."

நான்கு நாள் தேடினேன். என்னிடம் முந்நூற்றுச் சொச்சம் தமிழ் வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் மனைவி தினமும் ஒரே சுருதியில் ஐ லவ் யூ சொன்னாள். இவர்கள்தான் என்று எடுத்து வைத்தேன். பிறகு ஒரு பதிவில் அவள் தும்ம, அவன் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். தள்ளி வைத்தேன். இன்னொரு வீட்டில் வாரம் முழுக்க மளிகை லிஸ்ட் மட்டும்தான் பேசினார்கள். ஆனால் அவள் சொல்லாமல் விட்ட முறுக்கை அவனாகவே வாங்கி வந்திருந்தான். எல்லா வீட்டிலும் எங்காவது ஒரு ஜன்னலும் ஒரு முறுக்கும் கிடைத்தன. எதுவும் கிடைக்காத வீடு ஒன்று இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நாட்டைவிட்டு அனுப்பும் காகிதத்தில் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுப் பதிவுகளைத் திறந்தேன். விதிகளைப் பார்த்தேன். சொந்த வீட்டைக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை, அப்படி ஒரு பைத்தியம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு வருடத்துப் பேச்சை மூன்று மணி நேரத்தில் கேட்டு முடித்தேன். அவ்வளவுதான் இருந்தது. போன மே மாதம் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். "உடம்பு எப்படி இருக்கு?" என்று அவர் தினமும் கேட்டிருந்தார். "பரவால்ல, தேங்க்ஸ்," என்று நான் தினமும் சொல்லியிருந்தேன். ஒரு நாள்கூட அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டாம் பக்கத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன்.

மார்டின் அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவரிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டான்.

"இல்லை."

"சொல்லிவிட்டுக் கொடுக்கலாமே."

"சொன்னால், சரி பார்த்துக்கலாம் என்பார். அதற்கு இரண்டு புள்ளி ஏறும்," என்று கையெழுத்துப் போட்டேன்.

பொன்ராஜின் புது எண் எண்பத்து நான்கு. அவருடைய பி.ஆர். தப்பித்தது. கோப்பை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு பதிவு பார்த்தேன். ரூபி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "டிப்பு, லெட்டர் வந்துட்டு. இனி வாறவுக வரலாம்," என்றாள்.

"யப்பா, ஏப்ரல் பன்னெண்டுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஒன்னயத் தங்கச்சி வந்து பாத்துக்கிடுவா," என்றார் பொன்ராஜ். "மொதல்ல ஒன்ட்டத்தான் சொல்லுதேன். வேற யாருட்டயும் இன்னும் சொல்லல."

ரூபி முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. அப்பா முதல்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுத் திரையில் தெரிந்த பூனையைப் பார்த்துக் கையாட்டினார்.

எங்கள் வீட்டுக்குக் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. தியாகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். புது எண் இருபத்திரண்டு. தொண்ணூறு நாள் கெடு இன்றிலிருந்து தொடங்குகிறது. எதிர்மாதிரியாகப் பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் மங்கையர்க்கரசி தியாகேசன் என்று என் முழுப்பெயர் இருந்தது. அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

"சரி, பார்த்துக்கலாம்," என்றார். தம்ளரைக் கழுவி வைத்தார். "காபி நல்லாருந்தது, தேங்க்ஸ்."

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. கடிதத்தைக் கிழித்து என் முகத்தில் வீசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இருபத்திரண்டு என்பதே அதிகம் என்று தோன்றியது. இருபத்தைந்து வருட வாழ்க்கையில் சேர்ந்ததில் எந்தப் புடவைகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்னிக்குத் தேங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். குட் மார்னிங் சொல்லவில்லை. பிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தார், மறுபடி உள்ளேயே வைத்தார். கதவைத் திறந்தபடி அப்படியே நின்றார். உள்ளேயிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது.

"இந்த வீட்ல ஒரு மனுஷன் இருக்கான்," என்றார் பிரிட்ஜிடம். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக் குடுத்திருக்கலாம்னு யாருக்காவது தோணித்தா?"

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. ஒன்பது வருடமாகக் கேட்காத குரல் அது. மானியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் மிக்ஸி பக்கம் திரும்பினேன். "கேட்டிருந்தா சரி பார்த்துக்கலாம்னு சொல்லியிருப்பாங்க."

அவர் பிரிட்ஜ் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே பாட்டில்கள் ஆடின. பிறகு சாத்திய கதவைப் பார்த்தே சொன்னார்: "தங்கச்சி கல்யாணத்துக்கு விடாததுக்கு இத்தனை வருஷம் கழிச்சுப் பழி வாங்கியாச்சு. அன்னிக்கு நான் பண்ணது தப்புதான். அத நான் எப்படிச் சொல்றது? சொன்னா மறுபடி சண்டை வரும், எண் எறங்கும், அவளத் திருப்பி அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் அதை மறந்துவிட்டார் என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தேங்காய்த் துண்டுகளை ஜாரில் போட்டேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை, இரண்டாம் முறையும் போட்டேன். மிக்ஸியிடம் சொல்வதற்கு என்னிடம் ஏகப்பட்டது இருந்தது. தொண்ணூறு நாள் போதுமா என்று தெரியவில்லை. அந்தக் கல்யாணத்திலிருந்தே தொடங்கினேன்.